விடுப்பு மறுக்கப்பட்டால் என்ன செய்வது? வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடுப்பு கேட்பவர்களுக்கு "முடியாது" என்ற பதில் நேரடியாக வருவது அபூர்வம். "பார்க்கலாம்", "இந்த மாதம் போகட்டும்", "ஆள் இல்லையே, நீங்களே சொல்லுங்கள்" என்றுதான் வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதையெல்லாம் மறுப்பு என்றே எண்ணமாட்டார். ஆண்டு முடிந்து விடுப்புக் கணக்கைப் பார்க்கும்போதுதான் பல நாள்கள் காலாவதியாகிப்போனது தெரியவரும். எச்.ஆர். எனப்படும் மனிதவளப் பிரிவில் போய்க் கேட்டால், "நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையே" என்பார்கள். அது பொய்யும் இல்லை. கேட்டதெல்லாம் வாய்வார்த்தையாகவே நடந்திருக்கும்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் ஒரு விஷயம் பொதுவாக மாறுவதில்லை. விடுப்பு எந்தத் தேதியில் என்பதைத் தீர்மானிப்பதில் நிறுவனத்துக்குப் பெரிய அதிகாரம் உண்டு. சட்டம் கொடுத்த நாள்களையே இல்லாமல் ஆக்க அதற்கு அதிகாரம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு 132ஆம் உடன்படிக்கை இரண்டையும் எழுதியே வைத்திருக்கிறது: விடுப்பின் காலத்தை முதலாளி தொழிலாளியைக் கலந்துகொண்டு முடிவு செய்யலாம், ஆனால் ஓராண்டுப் பணிக்கு 3 வாரங்களுக்குக் குறையாத அந்த விடுப்பை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இந்த உடன்படிக்கையை இந்தியா உட்படப் பல நாடுகள் ஏற்று உறுதிசெய்யவில்லை என்பது வேறு விஷயம். அந்த நாடுகளில் பலவற்றின் சொந்தச் சட்டங்களும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகின்றன.

ஆகவே மறுப்பு வந்தால் நீங்கள் சண்டை போட வேண்டியது அந்தக் குறிப்பிட்ட தேதிக்காக அல்ல. தேதி போனால் போகட்டும். நாள்கள் கணக்கில் நிற்க வேண்டும், வேறொரு தேதி கிடைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கானவை.

முதல் படி: எந்த விடுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"லீவு" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, சட்டத்தில் அது பல வகை. ஆண்டு விடுப்பு (இந்தியாவில் ஈட்டிய விடுப்பு, பேச்சு வழக்கில் இ.எல்.) என்பது உழைத்துச் சேர்த்தது. அதை எடுக்கக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. வீட்டில் சும்மா படுத்திருக்கவும் எடுக்கலாம். தற்செயல் விடுப்பு எதிர்பாராத வேலைகளுக்கு உரியது; அதற்கு நியாயமான காரணம் கேட்பார்கள். மருத்துவ விடுப்புக்கு மருத்துவரின் சான்று போதும். மகப்பேறு விடுப்போ தனிச்சட்டத்தின் கீழ் வருவது. "வேலை அதிகம்" என்று சொல்லி அதைத் தள்ளிப்போட எந்த மேலாளராலும் முடியாது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், மேலாளர்கள் ஒன்றை இன்னொன்றாக மாற்றிவிடுவார்கள். காய்ச்சலில் படுத்த 3 நாள்கள் ஈட்டிய விடுப்பில் கழிந்திருக்கும். கேட்காமலேயே சம்பளமில்லா விடுப்பாக ஒரு நாள் பதிவாகியிருக்கும். இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகள் இதில் வேடிக்கையான ஒரு சமநிலையைக் காட்டுகின்றன. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பணியின் அவசரம் கருதி அதிகாரி மறுக்கலாம், திரும்பவும் அழைக்கலாம் என்கிறது விதி. அதே மூச்சில், ஊழியர் எழுத்தில் கேட்டாலொழிய, அவர் கேட்ட விடுப்பின் வகையை அதிகாரி மாற்றக்கூடாது என்றும் சொல்கிறது. அவ்வளவு கறாரான விதியே வகையைத் தொடவிடவில்லை.

மாதத்துக்கு ஒரு முறை உங்கள் விடுப்பு இருப்பைப் பாருங்கள். நிறுவனத்தின் செயலியிலோ சம்பளச் சீட்டிலோ அது இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடும் நாளில் நிறுவனத்தின் கணினியில் நுழைய அனுமதி இருக்காது.

இரண்டாம் படி: உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது?

இதைப் பலர் தாண்டிப்போய்விட்டு, இணையத்தில் எங்கோ படித்த வேறு நாட்டு விதியை மேலாளரிடம் எடுத்துவிடுகிறார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். மூன்று தாள்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்: நாட்டின் சட்டம், நிறுவனத்தின் விடுப்புக் கொள்கை அல்லது நிலையாணைகள் (நிறுவனத்தின் எழுதப்பட்ட பணி விதிகள்), உங்கள் பணி நியமனக் கடிதம். பின்னவை இரண்டும் சட்டத்தைவிட அதிகமாகத் தரலாம், குறைக்க முடியாது. சட்டத்தில் 14 நாள் இருக்கும்போது நியமனக் கடிதத்தில் 10 என்று போட்டிருந்தால் 14தான்.

அளவுகள் எவ்வளவு வேறுபடும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, ஓர் ஆண்டில் 180 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு 1 நாள் வீதம் விடுப்பு தருகிறது. அதற்கு முன் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் இந்தத் தகுதி 240 நாள். இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு விடுப்பு 14 நாள், தற்செயல் விடுப்பு 7 நாள். சிங்கப்பூரில் முதல் ஆண்டில் 7 நாளில் தொடங்கி எட்டாவது ஆண்டில் 14 நாள் வரை ஏறும். மலேசியாவில் பணிக்காலத்தைப் பொறுத்து 8, 12, 16 நாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள். பிரிட்டனில் 5.6 வாரம், அதாவது வாரத்தில் 5 நாள் வேலை செய்பவருக்கு 28 நாள். அமெரிக்காவில் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவுமே இல்லை. அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பிடிமானம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல சட்டங்கள் எல்லா ஊழியருக்கும் பொருந்துவதில்லை. இந்தியச் சட்டத்தொகுப்பில் மேலாண்மைப் பதவியில் இருப்பவர்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று அச்சடித்திருப்பதாலேயே ஒருவர் மேலாளர் ஆகிவிடுவதில்லை. அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்றுதான் தொழிலாளர் நீதிமன்றங்கள் பார்க்கும். சட்டத்தொகுப்புக்கு வெளியே இருந்தாலும் மாநிலங்களின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பொருந்தக்கூடும்.

தகுதிகாண் காலத்தில் விடுப்பே கிடையாது என்று சொல்வார்கள். இது பாதி உண்மை. ஆண்டு விடுப்புக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வைக்கப் பல சட்டங்கள் இடமளிக்கின்றன. மேலே சொன்ன 132ஆம் உடன்படிக்கையின்படி அது 6 மாதத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் தற்செயல் விடுப்பும் மருத்துவ விடுப்பும் பல இடங்களில் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடும். 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இந்த இரண்டையும் முதல் 12 மாதத்திலேயே, தலா 12 நாள் வரை தருகிறது.

மூன்றாம் படி: மறுக்க முடியாதபடி விண்ணப்பியுங்கள்

பெரும்பாலான மறுப்புகள் விண்ணப்பத்தின் ஓட்டை வழியாகத்தான் நுழைகின்றன. தாமதமாகக் கேட்டது, இருப்பில் இல்லாத நாளைக் கேட்டது, ஏற்கெனவே இரண்டு பேர் விடுப்பில் இருக்கும் வாரத்தைக் கேட்டது. இவற்றை அடைத்துவிட்டால் மேலாளருக்குச் சொல்ல அதிகம் இருக்காது.

முன்னறிவிப்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் கொள்கையில் பாருங்கள். தொழிற்சாலைகள் சட்டம் 15 நாள் என்று வைத்திருந்தது. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் 30 நாள். பிரிட்டனில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கேட்கும் நாள்களைப் போல இரு மடங்கு முன்னதாகச் சொல்ல வேண்டும். 5 நாள் விடுப்புக்கு 10 நாள். அங்கே நிறுவனத்துக்கும் கெடு உண்டு. 5 நாள் விடுப்பை மறுப்பதென்றால் விடுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். முந்தின நாள் மாலை "நாளை வந்துவிடுங்கள்" என்று கூப்பிடுவது அந்தக் கணக்கில் செல்லாது.

விண்ணப்பம் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்றைய நிலவரப்படி என் கணக்கில் 14 நாள் ஈட்டிய விடுப்பு உள்ளது. அதில் 6 நாள்களை மார்ச் 9 முதல் 14 வரை எடுத்துக்கொள்ள அனுமதி கோருகிறேன். அந்த வாரத்தில் முடிக்க வேண்டிய மாதாந்திரப் பட்டியலை 7ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன். அன்றாட வேலைகளைக் கவனித்துக்கொள்ள உடன் பணியாற்றும் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி 16க்குள் பதில் அளித்தால் பயண ஏற்பாடுகளைச் செய்ய உதவியாக இருக்கும்."

இதில் காரணம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கல்யாணம், காதுகுத்து, பாட்டிக்கு உடல்நலமில்லை என்று ஆண்டு விடுப்புக்குக் கதை சொல்லத் தொடங்கினால், அந்தக் கதை போதுமான அளவு சோகமாக இருக்கிறதா என்று மதிப்பிடும் வேலையை நீங்களே மேலாளர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அடுத்த முறை அதைவிடப் பெரிய கதை தேவைப்படும். இன்னொன்று, பதில் தேதி குறித்திருப்பது. அது இல்லாத விண்ணப்பம் 'பரிசீலனையில்' கிடந்தே காலம் தள்ளும்.

நிறுவனத்துக்கு விடுப்புச் செயலி இருந்தால் அதில்தான் பதிவு செய்ய வேண்டும். கூடவே மின்னஞ்சலும் போகட்டும். வாட்ஸ்ஆப்பில் மட்டும் கேட்டால் போதாது. காகிதமாகக் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அனுமதி எழுத்தில் வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள்.

நான்காம் படி: வாய்மொழி மறுப்பை எழுத்தாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

மேலாளர் தேநீர் இடைவேளையில், "அந்த வாரம் ஆடிட் இருக்கிறது தம்பி, அப்புறம் போய்க்கொள்" என்கிறார். நீங்களும் "சரி சார்" என்றுவிட்டு வருகிறீர்கள். பதிவுகளின்படி இங்கே நடந்தது என்ன? நீங்கள் விண்ணப்பித்தீர்கள், பிறகு நீங்களாகவே கைவிட்டீர்கள். செயலியில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று இருக்கும், சில நேரம் அவரே அதைச் செய்யச் சொல்லியிருப்பார். எக்காரணம் கொண்டும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாதீர்கள். மறுப்பதென்றால் அவரே 'மறுப்பு' என்ற பொத்தானை அழுத்தட்டும்.

அன்று மாலைக்குள் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். கோபமில்லாமல், குற்றம் சாட்டாமல்:

"ஐயா, தணிக்கை நடப்பதால் மார்ச் 9 முதல் 14 வரை விடுப்பு தர இயலாது என்று இன்று தாங்கள் நேரில் தெரிவித்ததைக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக மார்ச் 23 முதல் 28 வரை, அல்லது ஏப்ரல் 6 முதல் 11 வரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். இரண்டில் எது ஏற்றது எனத் தெரிவிக்க வேண்டுகிறேன். இரண்டும் இயலாதெனில், மறுக்கப்பட்ட இந்த 6 நாள்களும் காலாவதியாகாமல் என் கணக்கில் தொடரும் என்பதை உறுதிப்படுத்தவும்."

நான்கே வரி. ஆனால் மறுத்தவர் யார், காரணம் என்ன, நீங்கள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு, கேட்டது என்ன என்பதெல்லாம் இதில் தேதியோடு வந்துவிட்டது. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. வராத பதிலும் பிறகு உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. இந்தியாவில் எடுக்காத விடுப்பை அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரைதான் கொண்டுபோக முடியும். ஆனால் விண்ணப்பித்தும் தரப்படாத விடுப்புக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. எடுக்காமல் விட்ட நாளுக்கும் கேட்டு மறுக்கப்பட்ட நாளுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நிரூபிப்பது ஒரு மின்னஞ்சல். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் இதே இடத்தில்தான் கத்தியை வைக்கிறது: காலத்தில் எடுக்காத விடுப்பு போய்விடும், முதலாளி கேட்டு, ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொண்டு எடுக்காமல் விட்டிருந்தால் அதற்குப் பணம் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நிலைமை ஊழியருக்கு இன்னும் சாதகம். ஊழியர் விண்ணப்பிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விடுப்பு தானாகக் காலாவதியாகாது. அவருக்கு முறையாகத் தகவல் சொல்லி, எடுத்துக்கொள்ள உண்மையான வாய்ப்பும் தந்ததை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்தது. மற்ற நாடுகளில் அந்தச் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

காரணம் நியாயமானதா?

எல்லா மறுப்பும் அநியாயமில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம், ஒரே பிரிவில் பாதிப் பேர் ஒரே தேதியைக் கேட்பது, முன்னறிவிப்பு போதாமை, இருப்பில் நாள் இல்லாமை ஆகியவற்றை எந்தத் தொழிலாளர் ஆய்வாளரும் ஏற்றுக்கொள்வார். நிறுவனமே மூடும் நாள்களில் எல்லோரும் விடுப்பு எடுத்தாக வேண்டும் என்று சொல்வதும் பல நாடுகளில் செல்லும். அமீரகத்தில் விடுப்புத் தேதியை முதலாளியே நிர்ணயிக்கலாம். ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் போதும்.

கவலைப்பட வேண்டியது மறுப்பு தொடரும்போது. மார்ச்சில் ஆடிட், ஏப்ரலில் ஆள் பற்றாக்குறை, ஜூனில் புதிய வாடிக்கையாளர், செப்டம்பரில் மறுபடி ஆடிட். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால் ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது. சட்டங்கள் இதற்கு எல்லை போடுகின்றன. சவூதி அரேபியாவில் வேலைச் சூழல் காரணமாக விடுப்பைத் தள்ளிவைக்க 90 நாள் வரைதான் முதலாளிக்கு அதிகாரம். அதற்கு மேல் ஊழியரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அமீரகத்தில் 2 ஆண்டுக்கு மேல் விடுப்பைத் தராமல் இழுக்கக்கூடாது. ஆள் பற்றாக்குறை ஆண்டு முழுவதும் இருக்கிறது என்றால், நிறுவனம் ஆள் எடுக்க வேண்டும். அந்தச் செலவை உங்கள் விடுப்பிலிருந்து மிச்சம் பிடிப்பது நியாயமாகாது.

சில காரணங்கள் எந்த அளவிலும் தேறாதவை. "போன மாதம்தான் உடல்நலமில்லை என்று 4 நாள் போனாயே" என்பது ஒன்று. மருத்துவ விடுப்புக்கும் ஆண்டு விடுப்புக்கும் சம்பந்தமில்லை. ஒரே தகுதியுள்ள இன்னொருவருக்கு அதே வாரம் கொடுத்துவிட்டு, மதமோ சாதியோ பாலினமோ சங்க உறுப்பினர் என்பதோ காரணமாக உங்களுக்கு மறுப்பது இன்னொன்று. இது விடுப்புப் பிரச்சினையைத் தாண்டிப் பாகுபாட்டு வழக்காகிவிடும். புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கலாக வரும் மறுப்பும் இந்த வகையே.

'வரம்பற்ற விடுப்பு' என்று பெருமையாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரம்பு இல்லாத இடத்தில் இருப்பும் இருக்காது. இருப்பு இல்லையென்றால் சேர்த்துவைக்கவும், வேலையை விடும்போது பணமாக வாங்கவும் கொள்கையின்படி எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் சேரும்போது, சட்டப்படியான குறைந்தபட்ச நாள்கள் தனியே கணக்கு வைக்கப்படுகின்றனவா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுத்த பிறகும் போய்விடலாமா?

கூடாது. உரிமை உங்கள் பக்கம் இருந்தாலும் போகாதீர்கள். அனுமதியில்லாமல் போன அந்த நாளோடு வழக்கு தலைகீழாகிவிடும். அதுவரை பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். அதன் பிறகு மெமோவுக்கு விளக்கம் எழுத வேண்டியவர் நீங்கள். இந்தியாவில் நிலையாணைகளுக்கான பழைய மாதிரி விதிகள், அனுமதியின்றித் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பதை ஒழுங்கீனமாகப் பட்டியலிட்டிருந்தன. பல நிறுவனங்களின் நிலையாணைகள் அதே வார்ப்பில் வந்தவை. மலேசியாவில் அனுமதியின்றி ஆண்டின் வேலைநாள்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர் அந்த ஆண்டின் விடுப்பு உரிமையையே இழந்துவிடுகிறார்.

கூட்டாக விடுப்பு எடுப்பது அதைவிட ஆபத்து. இந்தியாவில் 10 பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்க இடமுண்டு. பாதிக்குப் பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதை வேலைநிறுத்தம் என்றே 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு வரையறுக்கிறது.

உண்மையிலேயே அவசரம் என்றால், வீட்டில் மரணமோ விபத்தோ என்றால், அது வேறு. அப்போது ஆண்டு விடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் தற்செயல் விடுப்பாகவோ அவசர விடுப்பாகவோ கேட்டு, கிளம்பும் முன் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, திரும்பியதும் சான்றைக் கொடுங்கள்.

கொடுத்த அனுமதியைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அன்றே பதில் எழுதுங்கள். டிக்கெட், தங்குமிடம் ஆகியவற்றுக்கான ரசீதுகளை இணைத்து, இழப்பை நிறுவனம் ஈடுசெய்யுமா என்று கேளுங்கள். பணம் தர வேண்டும் என்று எல்லா நாட்டிலும் சட்டம் இல்லை. ஆனால் ரசீதைப் பார்த்த பிறகு, வேறு யாரையாவது அந்த வாரத்துக்கு ஏற்பாடு செய்ய முடியும் என்பது பல மேலாளர்களுக்குத் திடீரென்று நினைவுக்கு வரும். விடுப்பில் இருக்கும்போது கூப்பிட்டு அரைநாள் வேலை வாங்கினால், அந்த நேரத்தைக் குறித்து, அரைநாளைத் திரும்பக் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மேலே போவது

முதலில் எச்.ஆர். பிரிவு. புலம்பலாகப் போகாமல் காலவரிசையாகப் போங்கள். ஒரே பக்கத்தில்: எந்தத் தேதியில் கேட்டீர்கள், எந்தத் தேதிகளுக்கு, என்ன பதில், யார் சொன்னது, இப்போது இருப்பு எவ்வளவு. மேலாளரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: இந்த ஆண்டு முடிவதற்குள் எந்தத் தேதிகளில் இந்த விடுப்பை எடுக்கலாம் என்று நிறுவனமே சொல்லட்டும். எச்.ஆர். பிரிவு உங்கள் நண்பனல்ல, நிறுவனத்தின் ஆள்தான். ஆனால் ஆய்வாளர் வந்து பதிவேட்டைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பிரிவுதான். இந்தக் கவலை மேலாளருக்கு இருக்காது, அவர்களுக்கு இருக்கும்.

தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். உங்களைப் போல இன்னும் சிலருக்கு இதே நிலை என்றால் அவர்களும் தனித்தனியே எழுதட்டும். ஒருவர் கேட்டால் அது தனிப்பட்ட குறை. பலர் கேட்டால் நிறுவனத்தின் விடுப்பு நடைமுறையே கேள்விக்குள்ளாகும்.

அதற்கும் அசையாவிட்டால் வெளியே. இந்தியாவில் தொழிலாளர் துறை, இலங்கையில் தொழில் திணைக்களம், சிங்கப்பூரில் மனிதவள அமைச்சு, வளைகுடா நாடுகளில் தொழிலாளர் விவகாரங்களுக்கான அமைச்சகம். பிரிட்டனில் தீர்ப்பாயத்துக்குப் போகும் முன், பணித் தகராறுகளில் சமரசம் பேசும் ஏகாஸ் (Acas) அமைப்பின் சமரச முயற்சியைத் தொடங்கியாக வேண்டும். எங்கு போனாலும் பொதுவாக முதலில் நடப்பது சமரசம்தான். அலுவலர் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். நான்காம் படியில் சேர்த்த மின்னஞ்சல்கள் அங்கே மேசைக்கு வரும். வெளியே புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு, அது பல நாடுகளில் மாதக் கணக்கில்தான். "இந்த வருடம் போகட்டும்" என்று காத்திருந்துவிட்டுப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எப்போது வெளியே போவது என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. விசா முதலாளியின் கையில் இருப்பவரும், ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருப்பவரும் 6 நாள் விடுப்புக்காக உடனே புகார் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் கேட்பதை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. அதற்குப் பெரிய துணிச்சல் தேவையில்லை, பின்னால் வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. புகாருக்குப் பிறகு திடீரென்று உங்கள் மதிப்பீடு குறைந்தாலோ, பணிநேரம் மாற்றப்பட்டாலோ அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். பழிவாங்கல் என்று காட்டத் தேதிகள்தான் உதவும்.

வேலையை விடும்போது

மறுக்கப்பட்டுக் கணக்கில் சேர்ந்த நாள்கள் பணமாக வேண்டிய நேரம் இது. வேலையில் இருக்கும்போதே விடுப்பைக் காசாக்கலாமா என்பது நாட்டைப் பொறுத்தது. இந்தியச் சட்டத்தொகுப்பில் ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் பணமாக வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்திலோ குறைந்தபட்சமான 4 வாரத்துக்குப் பதிலாகப் பணம் தருவது, வேலை முடியும்போது மட்டுமே. ஆனால் பணியை விட்டு விலகும்போது சேர்ந்திருக்கும் சட்டப்படியான விடுப்புக்குச் சம்பளம் தர வேண்டும் என்பதில் பெரும்பாலான சட்டங்கள் ஒத்துப்போகின்றன. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், விடுப்பு கேட்டு மறுக்கப்பட்ட பின் தானாகவே வேலையை விட்டுப்போனவருக்கும் அந்த நாள்களுக்கான பணம் உண்டு என்று குறிப்பாகவே சொல்கிறது.

ராஜினாமாக் கடிதத்திலேயே இருப்பு எத்தனை நாள் என்று எழுதிவிடுங்கள். அறிவிப்புக் காலத்தில் "மீதி விடுப்பை இதிலேயே கழித்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்; உங்கள் சம்மதம் தேவையா என்பதைக் கொள்கையில் பாருங்கள். இறுதிக் கணக்குத் தாள் வந்ததும் மூன்று எண்களைச் சரிபாருங்கள்: நாள்கள், ஒரு நாள் சம்பளம் என்று எடுத்துக்கொண்ட தொகை, ஒரு மாதத்தை எத்தனை நாளாக வகுத்தார்கள் என்பது. 26ஆல் வகுப்பதற்கும் 30ஆல் வகுப்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மாதம் 30,000 வாங்குபவருக்கு 20 நாள் விடுப்பில் அது 3,000க்கு மேல் வரும். "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். கணக்கு சரியில்லை என்றால் "விடுப்புத் தொகை குறித்த என் ஆட்சேபணைக்கு உட்பட்டு" என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.